நாற்றுமேடையில் முற்றவிடலாமா? இளையோருக்குக் களம் கொடுத்த ஒரு கழகத்தின் வரலாறு

"விளையும் பயிரை முளையிலே தெரியும்" என்பது எம்மவர் நாவில் பழகிய பழமொழி. பிள்ளையொன்று பந்தை நேராக உதைத்தாலும், மேடையேறி நான்கு வார்த்தை தடக்கமின்றிப் பேசினாலும் இப்பழமொழியைச் சொல்லி மகிழ்கின்றோம். ஆனால் நெல் விளைவித்த குடும்பங்களிற் பிறந்தோர்க்கு இன்னோர் உண்மையும் தெரியும். முளையைக் கண்டு மகிழ்ந்தால் மட்டும் பயிர் விளைந்துவிடாது. மேடையில் வளர்ந்த நாற்றைப் பருவந் தப்பாமற் பறித்து வயலில் நடவேண்டும். மேடையிலேயே முற்றவிட்ட நாற்றைப் பின்னர் எத்துணை நல்ல மண்ணில் நட்டாலும் அது செழித்துக் கதிர் தள்ளுவதில்லை.

விளையாட்டுத் துறையிலும் நிலைமை இதுவே. திறமையுள்ள சிறுவனைக் கண்டுபிடிப்பது ஒன்று; அவனை மூத்தோர் அணியில் இறக்கி விளையாட விடுவது வேறொன்று. முன்னதைப் பல கழகங்கள் செய்கின்றன. பின்னதைச் செய்யத் துணிவு வேண்டும். அத்துணிவு எங்ஙனம் பிறந்தது, அதற்கு என்ன விலை கொடுக்கப்பட்டது, அது கைவிடப்பட்டபோது என்ன நேர்ந்தது என்பனவற்றை இங்கிலாந்தின் மன்செஸ்ரர் யுனைற்றெட் உதைபந்தாட்டக் கழகத்தின் வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது. இன்று பெருஞ் செல்வத்தோடு எண்ணப்படும் அக்கழகத்தின் இக்கதை வறுமையில் தொடங்கியது என்பதை முதலிற் சொல்லிவிட வேண்டும்.

வறுமை காட்டிய வழி

1931ஆம் ஆண்டின் இறுதியில் அக்கழகம் கடனில் மூழ்கி, ஆட்டக்காரருக்குச் சம்பளம் கொடுக்கவும் வழியற்று நின்றது. ஜேம்ஸ் கிப்சன் என்னும் வணிகர் தமது பணத்தைக் கொடுத்து அதனைக் காப்பாற்றினார். ஆயினும் புகழ்பெற்ற ஆட்டக்காரரை விலைக்கு வாங்கும் வசதி வரவில்லை. எனவே கிப்சனும் கழகத்தின் செயலாளர் வோல்ரர் கிறிக்மரும் 1938இல் பாடசாலை விட்டு வெளியேறும் சிறுவர்க்கென ஓர் இளையோர் கழகத்தைத் தொடக்கினர். வாங்க முடியாததை வளர்த்தெடுப்போம் என்பதே அவர்தம் எண்ணம்.

அடுத்து வந்தது உலகப் போர். 1941 மார்ச்சில் ஜேர்மன் விமானங்கள் வீசிய குண்டுகளால் கழகத்தின் ஓல்ட் ட்ரபர்ட் மைதானம் சிதைந்தது. 1949 வரை அயற்கழகமாகிய மன்செஸ்ரர் சிற்றியின் மைதானத்திலேயே அது விளையாட நேர்ந்தது. சொந்த மண்ணை இழந்து அயலார் நிழலில் வாழ்வது எப்படியிருக்கும் என்பதை இப்பத்திரிகையின் வாசகர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அந்நிலையிலிருந்த கழகத்தின் முகாமையாளர் பொறுப்பை 1945இல் ஏற்றவர் மற் பஸ்பி. அவர் 1909இல் ஸ்கொட்லாந்தின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியொன்றில் பிறந்தவர். தந்தையார் முதலாம் உலகப் போரில் மாண்டார். தாயார் பிள்ளைகளோடு அமெரிக்காவுக்குக் குடிபெயர எண்ணியிருந்தார். பஸ்பியும் சுரங்கத்திற் கூலிவேலை செய்தார். 1928இல் மன்செஸ்ரர் சிற்றி கழகம் அவரை அழைத்துக்கொண்டதால் பயணம் நின்றது. ஆனால் ஊர்விட்டு ஊர் வந்த அவ்விளைஞருக்குத் தொடக்க ஆண்டுகள் இனிமையாக அமையவில்லை. அக்காலத்து முகாமையாளர் பலர் அலுவலக அறையை விட்டு வெளியே வருவதரிது. பஸ்பி தனிமையிலும் தோல்வியுணர்விலும் உழன்று, விளையாட்டையே விட்டுவிடும் நிலைக்கு வந்தார். களத்தில் வேறோர் இடத்தில் அவரை ஆடவிட்ட பின்னரே அவரது திறமை வெளிப்பட்டது. தாம் பட்டதைப் பிற இளைஞர் படக்கூடாது என்ற எண்ணம் பின்னாளில் அவரது செயல்களிற் புலப்பட்டது. பயிற்சி உடையணிந்து மைதானத்தில் இறங்கி ஆட்டக்காரரோடு நின்ற முகாமையாளருள் அவர் முன்னோடியாவார்.

தோல்வியில் தொடங்கிய புதுமை

பஸ்பி முதலிற் கட்டியெழுப்பியது மூத்தோர் அணியே. அவ்வணி 1948இல் எஃப்.ஏ. கிண்ணத்தையும், 1952இல் லீக் வெற்றிப் பட்டத்தையும் பெற்றது. 1911க்குப் பின் அக்கழகத்துக்குக் கிடைத்த முதலாவது லீக் பட்டம் அது. வேறொருவராயின் வென்ற அணியை அப்படியே வைத்துக்கொண்டு இன்னும் நான்காண்டு ஓட்டியிருப்பார். பஸ்பியோ அவ்வணிக்கு வயதேறிவிட்டதை உணர்ந்தார். உதவியாளர் ஜிமி மேர்பி, பயிற்றுநர் பேர்ட் வாலி, திறமைகளைத் தேடி ஊர் ஊராகச் சென்ற ஜோ ஆம்ஸ்ரோங் ஆகியோரின் துணையோடு அவர் சேர்த்து வைத்திருந்த சிறுவர்கள் பின்னால் காத்திருந்தனர்.

அவர்களுள் ஒருவன் டங்கன் எட்வேட்ஸ். டட்லி என்னும் தொழில் நகரத்தைச் சேர்ந்த அவன் 1953 ஏப்ரல் 4ஆம் நாள் கார்டிப் சிற்றி கழகத்துக்கு எதிராக முதன்முதல் மூத்தோர் அணியில் இறங்கினான். அன்று அவனுக்கு வயது பதினாறரை. ஆட்டம் என்னாயிற்று? யுனைற்றெட் தன் சொந்த மைதானத்தில் 1-4 எனத் தோற்றது. இம்முடிவை வாசகர்கள் மனத்திற் குறித்துக்கொள்ள வேண்டும். பிற்காலத்தில் இங்கிலாந்து கண்ட மிகச்சிறந்த ஆட்டக்காரருள் ஒருவனெனப் போற்றப்பட்டவனின் முதல் நாள் படுதோல்வியில் முடிந்தது. ஒரு தோல்வியைக் காரணங்காட்டி அவனை ஒதுக்கியிருந்தால் எவரும் பஸ்பியைக் குறை சொல்லியிருக்கமாட்டார்.

அவர் ஒதுக்கவில்லை. 1953 ஒக்ரோபர் இறுதியில் கில்மார்னொக்கில் நடந்த நட்பு ஆட்டமொன்றில் இளைஞர் பலரை இறக்கினார். 3-0 என வெற்றி கிட்டியது. மூன்று நாட்கள் கழித்து ஹடர்ஸ்பீல்டில் நடந்த லீக் ஆட்டத்திலும் எட்வேட்ஸ் உட்பட இளைஞரையே நம்பினார். அவ்வாட்டம் கோலின்றி முடிந்தது. ஆனால் அணியின் முகம் அன்று மாறிவிட்டது. இரண்டாண்டுகளுக்கு முன் றோஜர் பேர்ணும் பதினெட்டு வயது ஜக்கி பிளான்ச்பிளவரும் ஒரே நாளில் அறிமுகமானபோது பத்திரிகை எழுத்திற் பிறந்த "பஸ்பியின் குழந்தைகள்" என்ற பெயர் இப்போது நிலைத்துவிட்டது.

அக்காலத்தின் ஒரு விதியை இங்கு நினைவிற் கொள்ளவேண்டும். இங்கிலாந்து லீக் ஆட்டங்களில் மாற்று ஆட்டக்காரரை இறக்கும் வழக்கம் 1965இலேயே வந்தது. அதுவும் தொடக்கத்திற் காயம்பட்டவருக்குப் பதிலாக மட்டுமே. ஆகவே 1953இல் ஓர் இளைஞனுக்கு இடங்கொடுப்பதென்றால் தொண்ணூறு நிமிடங்களையும் அவனிடம் ஒப்படைப்பதாகும். வெற்றி உறுதியான பின் கடைசி ஐந்து நிமிடத்துக்கு இறக்கிக் கைதட்டல் வாங்கும் வசதி அன்று இருக்கவில்லை.

பொறுமையும் துணிவும்

பஸ்பி சிறுவர்களைக் கண்மூடித்தனமாகக் களத்திற் தள்ளினார் எனக் கருதலாகாது. 1952-53இல் தொடங்கிய இளையோர் கிண்ணப் போட்டியை யுனைற்றெட் தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் வென்றது. அது நல்ல நாற்றுமேடையாயிற்று. எட்வேட்ஸ் பதினாறில் இறங்கினான். சுரங்க ஊராகிய அஷிங்ரனிலிருந்து வந்த பொபி சாள்டனோ ஏறத்தாழப் பத்தொன்பது வயதுவரை காத்திருந்து 1956 ஒக்ரோபரில் அறிமுகமானார். அன்றே இரு கோல்களைப் போட்டார். ஒவ்வொரு நாற்றுக்கும் பருவம் வேறு என்பதை அறிந்து நடுவதே திறமை.

பிள்ளைகளின் பெற்றோர்க்கும் அச்சங்கள் இருந்தன. பந்தாட்டம் கைவிட்டால் என் மகனின் பிழைப்பு என்னாவது என்ற கேள்வி அஷிங்ரனிலும் எழுந்தது. அதனாலேயே சாள்டன் தொடக்கத்தில் மின்பொறித் தொழிலைப் பயிலவும் அமர்த்தப்பட்டார். படிப்பும் தொழிலும் ஒருபுறம், விளையாட்டு மறுபுறம் என்ற இழுபறி எமக்கு மட்டும் உரியதன்று.

விலைக்கு வாங்கியவர்களும் அணியில் இருந்தனர். பாண்ஸ்லி கழகத்திலிருந்து 1953இல் ரொமி ரெய்லரை வாங்கியபோது முப்பதாயிரம் பவுண் ஆட்டக்காரர் என்ற சுமை அவர் தோளில் ஏறக்கூடாதென விலையை 29,999 பவுணாக அமைத்தனர். ஆனால் அணியின் பெரும்பகுதி வீட்டில் வளர்ந்தது. சராசரி வயது ஏறத்தாழ 22 மட்டுமேயான அவ்வணி 1955-56இல் இரண்டாமிடக் கழகத்தை விடப் பதினொரு புள்ளிகள் கூடுதலாகப் பெற்று லீக் பட்டத்தை வென்றது. மறு ஆண்டும் வென்றது. 1955 ஏப்ரலில் ஸ்கொட்லாந்தை இங்கிலாந்து 7-2 என வென்றபோது எட்வேட்ஸ் பதினெட்டு வயதில் நாட்டின் அணியில் இடம்பெற்றான்.

மியூனிக்

லீக் நிர்வாகத்தின் விருப்பின்மையையும் மீறி 1956இல் ஐரோப்பியக் கிண்ணப் போட்டியில் தமது இளைஞரை இறக்கினார் பஸ்பி. 1958 பெப்ரவரி 5ஆம் நாள் பெல்கிரேட்டில் ரெட் ஸ்ரார் அணியோடு 3-3 எனச் சமநிலை கண்டு அரையிறுதிக்குத் தெரிவாயினர். மறுநாள் திரும்பும் வழியில் எரிபொருளுக்காக மியூனிக்கில் இறங்கிய விமானம், மூன்றாவது முறை மேலெழ முயன்றபோது ஓடுபாதையிற் கிடந்த பனிச்சேற்றில் வேகமிழந்து விபத்துக்குள்ளானது. விமானத்திலிருந்த 44 பேரில் 23 பேர் மாண்டனர். அவர்களுள் எண்மர் ஆட்டக்காரர்: பேர்ண், ரெய்லர், கோல்மன், பெக், ஜோன்ஸ், வீலன், பென்ற், மற்றும் பதினைந்து நாட்கள் மருத்துவமனையிற் போராடி 21 வயதில் மறைந்த எட்வேட்ஸ். இளையோர் கழகத்தைத் தொடக்கிய கிறிக்மரும், அவர்களைப் பயிற்றிய வாலியும் உடன் மாண்டனர். பிளான்ச்பிளவர் உயிர் பிழைத்தும் மீண்டும் ஆடவில்லை.

பிள்ளைகளை ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்றவன் நான் அல்லவா என்ற குற்றவுணர்வு, மரணத்தின் வாயிலிலிருந்து மீண்ட பஸ்பியை வாட்டியது. விளையாட்டையே துறக்க எண்ணிய அவரை, இறந்த பிள்ளைகள் நீங்கள் தொடர்வதையே விரும்புவார்கள் என்று சொல்லித் தேற்றியவர் மனைவி ஜீன். பிள்ளைகளை நம்பிப் பொறுப்புக் கொடுப்பவன் அவர்களுக்காக அழவும் ஆயத்தமாக இருக்கவேண்டும் என்பதை எம் மக்களுக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை.

விபத்து நிகழ்ந்து பதின்மூன்று நாட்களில், பெப்ரவரி 19ஆம் நாள், ஷெபீல்ட் வெட்னஸ்டே கழகத்துக்கு எதிரான எஃப்.ஏ. கிண்ண ஆட்டம். விற்பனைக்கு வந்த நிகழ்ச்சிப் பிரசுரத்தில் யுனைற்றெட் அணியின் பெயர்களுக்குரிய இடம் வெறுமையாக விடப்பட்டிருந்தது. யார் ஆடுவார் என்று அச்சிடும்போது தெரியாது. வேல்ஸ் அணியின் பொறுப்பில் இருந்ததால் பெல்கிரேட் செல்லாது தப்பிய மேர்பி அந்த வெற்றிடங்களை நிரப்பினார். விபத்திற் தப்பிய இருவரும், அவசரமாக வாங்கிய இருவரும் இறங்கினர். ஏனையோர் இரண்டாம் அணியிலும் இளையோர் அணியிலும் இருந்து வந்தவர்கள். ஏறத்தாழ அறுபதாயிரம் மக்கள் பார்த்திருக்க, முதன்முறையாக மூத்தோர் அணியில் ஆடிய இருபது வயது ஷே பிரெனன் இரு கோல்களையும், பதினெட்டு வயது நிரம்பாத அலெக்ஸ் டோசன் ஒன்றையும் போட 3-0 என வெற்றி கிட்டியது. அவ்வாண்டு அக்கழகம் கிண்ணத்தின் இறுதியாட்டம் வரை சென்றது. பின்வரிசையில் நாற்று இருந்தமையாலேயே எரிந்த வயல் மீண்டும் பச்சை பிடித்தது.

பத்தாண்டுகள் கழித்து, 1968 மே 29ஆம் நாள், லண்டன் வெம்பிளியில் போர்த்துக்கலின் பென்பிக்காவை 4-1 என வென்று ஐரோப்பியக் கிண்ணத்தைக் கைப்பற்றியது யுனைற்றெட். மியூனிக்கிற் தப்பிய சாள்டன் இரு கோல்களையும், பதினேழு வயதில் அறிமுகமாகியிருந்த ஜோர்ஜ் பெஸ்ற் ஒன்றையும், அன்று பத்தொன்பதாவது பிறந்தநாளைக் கொண்டாடிய பிறையன் கிட் ஒன்றையும் போட்டனர்.

மறந்த பாடமும் மீண்ட பாடமும்

வரலாறு இத்துடன் முடிந்திருந்தால் இதனை இனிய கதையென்று சொல்லி விட்டுவிடலாம். ஐரோப்பிய வெற்றியின் பின் மூத்தோர் அணி முதுமையடைந்தது. அவர்தம் இடத்தை நிரப்பப் போதிய இளைஞர் ஆயத்தமாக இருக்கவில்லை. பஸ்பி 1969இல் ஓய்வு பெற்றார். ஐரோப்பாவை வென்று ஆறே ஆண்டுகளில், 1974இல், கழகம் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. அதற்குக் காரணங்கள் பல. எனினும் ஓர் ஒப்பீடு சிந்திக்கத்தக்கது. தொடக்கத்தில் ஐந்து முறை தொடர்ந்து வென்ற இளையோர் கிண்ணத்தை 1964க்குப் பின் 1992 வரை அக்கழகம் வெல்லவில்லை. 1967க்குப் பின் 1993 வரை லீக் பட்டத்தையும் வெல்லவில்லை.

1986இல் முகாமையாளராக வந்த அலெக்ஸ் பேர்குசன் நாற்றுமேடையைத் திருத்தி அமைத்தார். 1992இல் இளையோர் கிண்ணத்தை வென்ற சிறுவர்களை மூன்றாண்டுகள் படிப்படியாக மூத்தோரோடு பழக்கினார். 1995 கோடையில் புகழ்பெற்ற ஆட்டக்காரர் மூவரை விடுவித்துவிட்டு அவ்விளைஞருக்கு இடங்கொடுத்தார். ஓகஸ்ட் 19ஆம் நாள் நடந்த முதலாட்டத்தில் அஸ்ரன் வில்லாவிடம் 1-3 எனத் தோல்வி! சிறுவர்களை வைத்துக்கொண்டு எதையும் வெல்லமுடியாது என்று அன்றிரவு தொலைக்காட்சியிற் கருத்துரைத்தார் அலன் ஹான்சன். அவரும் அனுபவமிக்க முன்னாள் ஆட்டக்காரரே. பெரும்பாலோர் எண்ணியதையே அவர் சொன்னார்.

பேர்குசன் அசையவில்லை. அடுத்த ஐந்து லீக் ஆட்டங்களிலும் வெற்றி. 1996 மே மாதத்தில் லீக் பட்டமும் எஃப்.ஏ. கிண்ணமும் ஒருங்கே கிட்டின. பெக்காம், ஸ்கோல்ஸ், பட், நெவில் சகோதரர் ஆகியோரின் பெயர்கள் உலகறிந்தன. ஆனால் அவர்கள் தனியே வெல்லவில்லை. பின்னால் ஷ்மைக்கலும் புறூஸும், முன்னால் கன்ரோனாவும் நின்றார்கள். இளையோருக்கு இடங்கொடுப்பதென்பது மூத்தோரைத் துரத்துவதன்று. மூத்தவர் அருகில் நிற்க இளையவர் தவறிழைத்துக் கற்பதற்கு இடம் விடுவதாகும்.

1937 ஒக்ரோபர் தொடங்கி, தான் வளர்த்த ஒருவரேனும் இடம்பெறாத அணியோடு அக்கழகம் களம் சென்றதில்லை என்பது அதன் பெருமை. 2019 டிசம்பரில் அத்தொடர் நாலாயிரம் ஆட்டங்களை எட்டியது.

விதியும் மனமும்

1995 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் வழங்கிய பொஸ்மன் தீர்ப்பின் பின் ஆட்டக்காரர் நாடுவிட்டு நாடு செல்வது எளிதாயிற்று. செல்வக் கழகங்கள் வளர்ப்பதைவிட வாங்குவதையே நாடின. இதனைச் சமப்படுத்த 2010இல் பிரிமியர் லீக் ஒரு விதியைக் கொண்டுவந்தது. இருபத்தைந்து பேர் கொண்ட பட்டியலில், இங்கிலாந்திலோ வேல்ஸிலோ வளராதவர் பதினேழு பேருக்கு மேல் இருக்கலாகாது. இங்கு எமக்கு முக்கியமான ஒரு செய்தியுண்டு. "இங்கு வளர்ந்தவர்" என்பதைத் தீர்மானிப்பது பிறந்த நாடோ கடவுச்சீட்டோ அன்று. இருபத்தொரு வயதுக்கு முன் அந்நாட்டுக் கழகங்களில் மூன்று ஆண்டுகள் பதிவாகியிருந்தமையே. அகதியாக வந்த பிள்ளையும் அவ்விதியின்படி அம்மண்ணில் வளர்ந்த பிள்ளையே.

ஆயினும் விதி பட்டியலில் இடம் வாங்கித் தரும். களத்தில் நிமிடங்களை வாங்கித் தராது. 2022-23 தொடக்கம் அங்கு ஓர் ஆட்டத்தில் ஐந்து பேரை மாற்றலாம். அப்படியிருந்தும் வாங்கில் அமர்ந்தே பருவத்தைக் கழிக்கும் இளைஞர் பலர். தோல்வியின் பொறுப்பைத் தன் தலையில் ஏற்க ஒரு பெரியவர் முன்வந்தாலன்றி அவர்களுக்கு வழி திறவாது.

எமது களங்களில்

புலம்பெயர்ந்த நாடுகளில் எம்மவர் ஊர்ச் சங்கங்களின் பெயராலும் பாடசாலைப் பழைய மாணவர் சங்கங்களின் பெயராலும் கழகங்கள் நடத்துகின்றனர். கோடையில் சுற்றுப்போட்டிகள் வைக்கின்றனர். அவற்றைத் தொடக்கியோர் குளிரிலும் இரவு வேலையிலும் உழைத்துச் சேர்த்த பணத்திற் பந்தும் சீருடையும் வாங்கியவர்கள். அவர்தம் தியாகத்தை மறப்பது நன்றிகேடு. ஆனால் முழங்கால் நோவோடு நாற்பது வயதிலும் மத்திய வரிசையை விட்டுக்கொடாத அண்ணன்மாரையும், சீருடை அணிந்து வந்து மாலைவரை எல்லைக்கோட்டருகே நின்றுவிட்டுப் பெற்றோரின் காரில் ஏறிப்போகும் பதினேழு வயதுத் தம்பிமாரையும் நாம் காணாமலில்லை. அத்தம்பி மறு ஆண்டு வரமாட்டான். அவன் வராவிட்டால் அவனோடு எமது ஊரின் பெயரும் அக்களத்துக்கு வராது. கிண்ணத்தை இழந்தால் அடுத்த கோடையில் வென்றுகொள்ளலாம். ஒரு தலைமுறையை இழந்தால் எந்தச் சுற்றுப்போட்டியில் வெல்வது?

செய்யவேண்டியவை பெரியனவல்ல. ஒவ்வோர் ஆட்டத்திலும் பதினெட்டு வயதுக்குட்பட்ட இருவரைத் தொடக்கத்திலிருந்தே இறக்கலாம். இளையவன் அருகில் அனுபவமுள்ள ஒருவரை நிறுத்தலாம். பந்தைத் தவறவிட்டவனை எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று ஏசாதிருக்கலாம். பெற்றோரும் விளையாட்டைப் படிப்பின் பகையாக எண்ணாமல், அதே வேளை பந்தாட்டத்தையே பிழைப்பாக எண்ணிப் பிள்ளையின் கல்வியைக் கைவிடாமல், சாள்டனின் வீட்டார் நடந்ததுபோல் நடக்கலாம்.

இதனால் சில ஆட்டங்களில் தோற்போம். தோற்கட்டும். பதினாறரை வயது எட்வேட்ஸ் இறங்கிய நாளில் 1-4. பேர்குசனின் இளைஞர் இறங்கிய நாளில் 1-3. அத்தோல்விகளின் மறுநாள் அவ்விரு பெரியவர்களும் செய்த முடிவே வரலாறாயிற்று. அடுத்த கோடையில் எமது தம்பி ஒருவன் முதல் ஆட்டத்திற் தடுமாறிவிட்டு வெளியே வரும்போது, "அடுத்த ஆட்டத்திலும் நீதான் தம்பி" என்று சொல்ல ஓர் அண்ணன் அங்கே நிற்கவேண்டும்.